ஞாயிறு 90 செ.மீ. தாண்டிய குதிரை புதன்கிழமை மறுக்கிறது, வாங்கலாமா?

கோவை_அப்பா
மகளுக்கு 15 வயது, நான்கு வருடமாகச் சவாரி கற்கிறாள், 80 செ.மீ. தடையைத் தடுமாறாமல் தாண்டுகிறாள். சொந்தமாக ஒரு குதிரை தேடுகிறோம். பொள்ளாச்சிப் பக்கம் ஒருவரிடம் ரேஸிலிருந்து விலகிய தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) இருக்கிறது, காயடித்த ஆண், 8 வயது என்கிறார். போன ஞாயிறு சொல்லிவிட்டுப் போனோம், 90 செ.மீ.யை அலட்டாமல் தாண்டியது. புதன்கிழமை அந்தப் பக்கம் வேலையாகப் போனவன் சொல்லாமல் எட்டிப் பார்த்தேன். 60 செ.மீ. கம்பத்துக்கே இரண்டு முறை முன்னால் வந்து நின்றுவிட்டது. மூன்றாம் முறை தாண்டி இறங்கியதும் காதை மடக்கி வாலை விசிறியது. "புது லாடம் சார், ரெண்டு நாள்ல பழகிடும்" என்கிறார். முன்கால் இரண்டிலும் பேண்டேஜ் இருந்தது, கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. விலை 1.8 லட்சம், 20,000 அட்வான்ஸ் இன்றே வேண்டுமாம். கொடுக்கலாமா?

குளம்படி
கொடுக்காதீங்க அண்ணா. லாட ஆணி உள்சதையில் பட்டாலும் குதிரை இப்படி நிற்கும்தான், அதனால் லாடம் எந்த நாள் அடித்தார்கள் என்று கேளுங்க. ஞாயிறுக்கு முன்பே அடித்திருந்தால் அந்தக் கதையை அப்படியே நம்ப முடியாது. எனக்கு வலி மருந்துச் சந்தேகம் வருகிறது. ஃபீனைல்பியூட்டாசோன் கொடுத்தால் நொண்டும் குதிரை ஒரு நாளாவது நேராக நடக்கும். மருத்துவர் ரத்தம் எடுத்து அனுப்பினால் தெரிந்துவிடும்.

பேண்டேஜைக் கழற்றி, முட்டிக்குக் கீழே காலின் பின்பக்கம் ஓடும் தசைநாணை இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்க. இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராக இருக்க வேண்டும். நடுவில் வில் மாதிரி புடைத்திருந்தாலோ, மற்ற காலைவிடச் சூடாக இருந்தாலோ தசைநாணில் காயம் இருக்கலாம். தாண்டி இறங்கும்போது மொத்த எடையும் முதலில் ஒற்றை முன்காலில்தான் விழும், காயம்பட்ட தசைநாண் அதைத் தாங்காது. அப்புறம் கெட்டித் தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து டிராட் (மிதமான துள்ளோட்டம்) ஓடவிடுங்க. வலிக்கிற முன்கால் ஊன்றும் நேரம் தலை மேலே தூக்கும்.

அந்தியூர்க்காரன்
வயதை வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம். மேல்தாடை முன்பல் வரிசையின் ஓரப்பல்லில் ஈறிலிருந்து ஒரு கறுத்த கோடு இறங்கும், சுமார் 10 வயதில் தலைகாட்டும், 15ல் பாதிப் பல் வரும். ரேஸ் குதிரை என்றால் பாஸ்போர்ட்டும் (குதிரையின் அடையாளப் புத்தகம்) கழுத்தில் அடையாளச் சிப்பும் இருக்க வேண்டும். எங்கள் ஆடிச் சந்தையில் ராசிக்காகச் சுழி பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டில் அதே சுழிகளைத்தான் அடையாளமாக வரைந்திருக்கும், ஒப்பிட்டுப் பாருங்க. எங்கே வாங்கினாலும் கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கான பரிசோதனையை விடாதீங்க, அந்த நோய் மனிதனுக்கும் தொற்றும்.

கோவை_அப்பா
பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாம்! லாடம் வெள்ளிக்கிழமையே அடித்தது என்று குதிரைக்காரப் பையன் சொல்லிவிட்டான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே குதிரை மருத்துவரோடு போகிறோம்.

கோவை_அப்பா
போய்விட்டு வந்தோம். இடது முன்காலில் பேண்டேஜைக் கழற்றியதும் மகள்தான் முதலில் தொட்டாள், "அப்பா, இங்க மட்டும் சுடுது" என்றாள். அந்தக் காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து ஓடவிட்டதும் நன்றாக நொண்டியது. பல்லில் கோடு மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது, 12க்குக் குறையாது என்றார் மருத்துவர். ஸ்கேன் பார்க்காமல் யாரும் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் மகள் குதிரை வாங்காததைப் பற்றிப் பேசவில்லை, அடுத்து வருகிறவரும் அதைத் தாண்ட வைப்பாரே என்றுதான் அழுதாள்.

குளம்படி
விற்றவரிடம் மருத்துவர் சொன்னதை எழுத்தில் கொடுத்துவிடுங்க அண்ணா, மருத்துவர் சொல்லும் காலம் ஓய்வு கொடுத்தால் அந்தக் குதிரைக்கு மெதுவான சவாரியாவது வாய்க்கலாம்.

கோவை_அப்பா
சரி தம்பி, இன்றே கொடுக்கிறேன். அடுத்த வாரம் ஒரு பெட்டைக்குதிரை பார்க்கப் போகிறோம், பாஸ்போர்ட்டை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.