கலைச்சொல்: 'தசமப் புள்ளி' வேண்டாம், 'தசமப் பிரிகுறி'

பினாங்கிலிருந்து:

ஷெல் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரல்) பிழைச் செய்திகளில் 'தசமப் புள்ளி' என்று போட்டிருப்பதை மாற்ற வேண்டும். ஜெர்மன் லொக்கேலில் (மொழி, நாட்டு வழக்குக்கான கணினி அமைப்பு) அந்த இடத்தில் வருவது காற்புள்ளி. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் செந்தரமே அதை 'ரேடிக்ஸ் கேரக்டர்' (எண்ணடிமானக் குறி) என்கிறது. போதாக்குறைக்கு, தமிழ்க் கணிமையில் புள்ளி என்றாலே மெய்யெழுத்தின் தலையில் இருப்பதுதான் நினைவுக்கு வரும்.

மலாய், தமிழ் லொக்கேல்கள் இரண்டிலும் புள்ளியே என்பதால் நம்மூரில் இது கண்ணில் படாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஜெர்மன் அல்லது இந்தோனேசிய அமைப்போடு ஒரு கணினி வந்து இறங்கட்டும், அப்போது தெரியும். எண் வடிவத்தை முடிவுசெய்யும் எல்சி_நியூமெரிக் மாறி ஜெர்மனாக இருக்கையில், பாஷ் ஷெல்லின் அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப்பிடம் 3.14-ஐக் கொடுத்து இரண்டு தசம இலக்கம் கேட்டால், 'செல்லாத எண்' என்று முனகிவிட்டு 3,00 என்று அச்சிடும். டாஷ் என்ற இன்னொரு ஷெல் லொக்கேலைக் கண்டுகொள்வதில்லை, 3.14 வரும். கணக்குப் போடும் பீசி கட்டளைக்கும் எப்போதும் புள்ளிதான். ஆகவே பீசி போட்ட கணக்கை பாஷ் பிரின்ட்எஃப்புக்கு அனுப்பும் வரிதான் முதலில் உடையும்.

சத்தமில்லாமல் கெடுப்பது, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை. ஜெர்மனில் புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி. எண் வரிசையில் 1.5-ஐ 15 என்று படித்து 2-க்குப் பின்னால் தள்ளிவிடும். பிழைச் செய்தியும் வராது.

என் பரிந்துரை: 'தசமப் பிரிகுறி'. ஆயிரம் பிரிக்கும் குறிக்கு 'தொகுப்புக்குறி'.

கோலாலம்பூரிலிருந்து:

தொகுப்புக்குறி சரி ஐயா. 'ஆயிரப் பிரிகுறி' என்றிருந்தால் ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டாகப் பிரிக்கும் இந்தியத் தமிழ் லொக்கேலின் 12,34,567 இடித்திருக்கும். 'தசம'தான் உறுத்துகிறது, பதினாறடிமானப் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) பின்னத்திலும் இதே குறிதானே? 'பின்னப் பிரிகுறி' என்றால் என்ன?

பினாங்கிலிருந்து:

துல்லியம் கூடும், ஆனால் நம் பள்ளிகளில் பின்னம் என்றால் 3/4. படிப்பவர் சாய்கோட்டைத் தேடுவார். பதினாறடிமானத்தைப் பிரின்ட்எஃப்பில் தொடுபவர்கள் எத்தனை பேர்? தசமமே இருக்கட்டும்.

தீர்வையும் உதவிப் பக்கத்தில் சேர்க்கலாம்: ஸ்கிரிப்டின் தலையில் எல்சி_நியூமெரிக்கை மட்டும் 'சி' (எந்த நாட்டையும் சாராத அடிப்படை லொக்கேல்) ஆக்க வேண்டும். எல்லா லொக்கேல் அமைப்புகளையும் ஒருசேர மாற்றும் எல்சி_ஆல் வைத்திருந்தால் அது இதை மிதித்துவிடும். எல்சி_ஆலின் மதிப்பை, பொது இயல்பிருப்பான லாங் மாறிக்கு மாற்றிவிட்டு எல்சி_ஆலை நீக்க வேண்டும். சோம்பலில் எல்சி_ஆலையே 'சி' ஆக்கினால் எண் சரியாகும், தமிழ் போய்விடும்: 'அம்மா'வின் நீளம் 5 குறிகள் (அ, ம, புள்ளி, ம, கால்) என்பதற்குப் பதில் 15 என்று பைட்டுகளை எண்ணும்.

செய்தி இப்படி வரலாம்: "3.14 செல்லாத எண், இந்த லொக்கேலின் தசமப் பிரிகுறி ','".