சாப்பாடு வந்ததும் மாறிய வரிசை

நண்பர்களோடு திறந்த வெளியில் வெள்ளை ஒயின் ருசித்த அனுபவங்களை நீங்கள் இந்த இணையப் பக்கத்தில் எழுத எழுத, ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். எந்த பாட்டில் பிடித்தது என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எதைச் சாப்பிடும்போது பிடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ப்ளீஸ். எங்கள் கூட்டத்தில் வெறும் வாயில் முதலிடம் பிடித்த ஒயின், தட்டுகள் வந்ததும் கடைசிக்குப் போய்விட்டது.

ஆளுக்கொரு பாட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் என்று பேசி வைத்திருந்தோம். பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து எண் எழுதினோம். இதை விளையாட்டாக நினைக்காதீர்கள். 1976இல் பாரிசில் பெயரை மறைத்து நடத்திய ருசிப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஷாத்தோ மான்டெலீனா நிறுவனத்தின் 1973 ஷார்டனேவை (ஷார்டனே என்பது ஒரு வெள்ளைத் திராட்சை, அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்) வெள்ளை ஒயின்களில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். லேபிள் தெரிந்தால் நாக்கு அதன் பக்கம் சாய்ந்துவிடும். நண்பர்களுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம், கொண்டுவந்தவர் மனம் நோகக்கூடாது என்றே புகழ்ந்துவிடுவோம்.

முதல் சுற்றில் சாப்பாடு கிடையாது. ஓக் மரப் பீப்பாயில் வளர்ந்த ஒரு ஷார்டனே எல்லோரையும் கவர்ந்தது. வெண்ணெய், வனிலா, பழுத்த மஞ்சள் பழங்களின் மணம், வாய் நிறைந்த கனம். ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் திராட்சையில் செய்த, காபினெட் எனப்படும் லேசான வகை ஒயினை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேசான இனிப்பு, ஆல்கஹாலும் 9 சதவீதம்தான். “இது ஜூஸ்தானே” என்று ஒரு குரல் வந்தது.

பிறகு கூடைகளைத் திறந்தோம். வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அதே ஷார்டனேவைக் குடித்தபோது சப்பென்று இருந்தது. சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிட்டால் இப்படித்தான் ஆகும், ஒயின் உயிரில்லாமல் தோன்றும். மிளகாய் தடவிச் சுட்ட கோழியோடு இன்னும் மோசம். காரம் பட்ட நாக்கில் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். ஷார்டனேவில் அது 14 சதவீதம். ஓக் பீப்பாயின் கசப்பு வேறு துருத்திக்கொண்டு நின்றது.

ரீஸ்லிங்கின் நேரம் அப்போதுதான் வந்தது. அதன் இனிப்பு காரத்தை அடக்கியது, கூர்மையான புளிப்பு கோழியின் கொழுப்பைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கியது. ஆல்கஹால் குறைவு என்பதால் வெயிலில் தலை கனக்கவும் இல்லை. முதலில் காலியான பாட்டில் அதுதான். இனிப்பான ஒயின் என்றாலே தரம் குறைந்தது என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புளிப்பு இல்லாத வெறும் இனிப்பு திகட்டும், உண்மைதான். இரண்டும் சரியாகச் சேர்ந்தால் வெயில் காலச் சாப்பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆட்டுப்பால் சீஸோடு பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் செய்யும் சான்செர் ஒயின் எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். தயங்காமல் முயன்று பாருங்கள். அது சாவினியோன் பிளாங் திராட்சையில் செய்வது. அந்த வட்டாரத்திலேயே சாவிஞோல் என்ற ஊரின் ஆட்டுப்பால் சீஸும் பெயர் பெற்றது. சீஸின் உப்பும் புளிப்பும் சேர்ந்ததும் ஒயினில் இருந்த பச்சிலை வாசனை தணிந்து பழச்சுவை மேலே வந்தது. இறாலுக்கு ஆல்பரீனியோ என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின் நன்றாக இருந்தது. வெள்ளரி சாண்ட்விச்சுக்கு எதுவும் ஒத்துப்போயிற்று.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் ஐஸில் பாட்டிலைச் செருகுவதைவிட, ஐஸோடு தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்தால் வெகு சீக்கிரம் குளிரும். ஆனால் பல் கூசும் அளவுக்குப் போனால் மணம் அடங்கிவிடும். லேசான ஒயின்களுக்கு 8 முதல் 10 டிகிரி, ஓக் ஷார்டனேவுக்கு அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கட்டும். நிறமற்ற கண்ணாடி பாட்டில்களைக் கட்டாயம் நிழலில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ஒயினுக்குள் இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் வினைபுரிந்து, வேகவைத்த முட்டைக்கோஸ் போன்ற கந்தக நாற்றத்தை உண்டாக்கும். பச்சை பாட்டிலுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு, பழுப்புக்கு இன்னும் அதிகம்.

எங்களை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய நண்பர் அன்று ஒரு துளிகூடக் குடிக்கவில்லை. கோப்பைகளை முகர்ந்து மட்டும் பார்த்தார். எந்தப் பையில் எந்தத் திராட்சை என்று எங்களில் மிகச் சரியாகச் சொன்னவர் அவர்தான்! குடிக்காதவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஷார்டனேதான் மீதியிருந்தது. அதைக் கொண்டுவந்த தோழி சளைக்கவில்லை, ஒவ்வொரு பதார்த்தத்தோடும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுட்ட சோளத்தில் வெண்ணெய் தடவியபோது ஜோடி கிடைத்துவிட்டது. வெண்ணெய்க்கு மணம் தரும் டயசிட்டைல் அந்த ஒயினிலும் இருக்கிறதே, ஒன்றையொன்று தூக்கிவிட்டன. நீங்கள் செய்து பார்ப்பதானால் சோளத்தில் மிளகாயும் எலுமிச்சையும் வேண்டாம், உப்பும் வெண்ணெயும் போதும்.