பிரேக் பூஸ்டரை எடுத்தபின் பெடலைத் தொட்டாலே முன்சக்கரம் லாக்: சிலிண்டரை மாற்றலாமா?

கேள்வி:
இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடும் ஹேட்ச்பேக். பூஸ்டர் (மிதிக்கும் விசையைப் பெருக்குவது), ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் லாக் ஆவதைத் தடுப்பது) இரண்டையும் எடுத்துவிட்டுப் பேலன்ஸ் பாருடன் (மிதிக்கும் விசையை முன், பின் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் தண்டு) பெடல் பாக்ஸ் போட்டிருக்கிறது. முன்னும் பின்னும் 15.9 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுவது), பெடல் விகிதம் 6:1 (மிதிக்கும் விசை ஆறு மடங்காகும்). காலில் 30 கிலோ அழுத்தம் வந்தாலே முன்சக்கரம் லாக். வளைவுக்குள் நுழையும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த முடியவில்லை. நாலைந்து லேப் ஆனால் இன்னும் மோசம். முன்பக்கம் மட்டும் 17.8 போட்டால் போதுமா?

பதில் 1:
சூடேறச் சூடேற மோசமாகிறது என்றால் முதலில் புஷ் ராடைப் (பெடலிலிருந்து சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) பாருங்கள். அது நீளமாக இருந்தால், காலை எடுத்தும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ரிசர்வாயருக்குப் (பிரேக் ஆயில் தொட்டி) போகும் சின்னத் துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் பிரேக் ஆயில் போக்கிடமில்லாமல் பிரேக் பேடைத் (டிஸ்க்கைக் கவ்வும் கட்டை) தள்ளும். ரிசர்வாயர் மூடியைத் திறந்து பெடலை மெல்ல அழுத்துங்கள். தொடக்கத்தில் ஆயில் லேசாகக் குமிழ வேண்டும். (முகத்தை மேலே நீட்டாதீர்கள், பீச்சும்.) அசையவே இல்லையென்றால் புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி 1 மி.மீ. ப்ளே (இடைவெளி) வையுங்கள்.

பதில் 2:
முன்பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. பேலன்ஸ் பார் நடுவில் இருந்தால் 30 கிலோ, ஆறு மடங்காகி, இரண்டாகப் பிரிந்து ஒரு சிலிண்டருக்கு 90 கிலோ வரும். 15.9-ல் ஆயில் அழுத்தம் சுமார் 45 பார் (அழுத்த அலகு), 17.8-ல் 36 பார்தான். முன்பிரேக் 20% குறைந்தால், 65:35 ஆக இருந்த முன்-பின் பிரேக் பங்கு 60:40 ஆகும். பிரேக்கோடு வளைவில் திருப்பும்போது பின்பக்கம் வீசிவிடும்.

இரண்டுக்கும் 17.8 போடுங்கள். அதே 45 பாருக்கு 38 கிலோ மிதிக்க வேண்டிவரும், பெடல் ஓட்டமும் குறையும். நம் கால், மிதிக்கும் தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் நன்றாக அளக்கும். விகிதத்தைக் குறைக்கப் பெடலில் புதுத் துளை மட்டும் போடாதீர்கள், அங்கேதான் முறியும்.

பதில் 3:
பேடையும் பாருங்கள். தொட்டவுடன் கவ்வும் ரகம் இந்த வண்டிக்கு ஆகாது. எடை முன்னுக்கு வருவதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போனால் எந்தச் சிலிண்டரிலும் லாக்தான். பெடலை முழுக்க மிதித்தாலும் முழங்கால் மடங்கியே இருக்கும்படி சீட்டை வையுங்கள். தளர்த்துவது கணுக்காலால், தொடையால் அல்ல.

கேட்டவர்:
முன் சிலிண்டரில் ஆயில் அசையவே இல்லை. ப்ளே வைத்தபின் லேப் ஏற ஏற மோசமாவது நின்றுவிட்டது. லாக் மட்டும் அதே 30 கிலோவில். இரண்டும் 17.8 வாங்குகிறேன். பிரேக் ஆயிலில் இருந்து ஏர் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது?

பதில் 2:
முன்னில் ஒன்று, பின்னில் ஒன்று என இரண்டு நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) ஒரே நேரத்தில் திறங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் பேலன்ஸ் பார் சாய்ந்து முட்டிக்கொள்ளும். பிஸ்டன் கடைசிவரை போகாது, காற்றும் உள்ளேயே தங்கிவிடும்.