புக்கிங் ஃபார்மில் ஒரு விலை, டெலிவரியில் வேறு விலை: ஷோரூம் கேட்பது சரிதானா?

திருச்சி_ஸ்டியரிங்:

நான்கு மீட்டருக்குள் வரும் பெட்ரோல் எஸ்யூவி. நவம்பரில் 25,000 ரூபாய் கட்டி புக்கிங். அன்று கொடுத்த கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் (சாலை வரி, இன்ஷூரன்ஸ் சேராத விலை) 9,86,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழைய வண்டியைக் கொடுப்பதற்கான தள்ளுபடி) 25,000 கழிவு. சேல்ஸ் மேனேஜர் கையெழுத்தும் ஷோரூம் முத்திரையும் அதில் இருக்கின்றன.

இப்போது ஜனவரி. கம்பெனி விலையை 18,000 ஏற்றிவிட்டது, எக்ஸ்-ஷோரூம் 10,04,000 என்கிறார்கள். சரி, 18,000 தானே என்று பார்த்தால் எல்லாம் சேர்ந்த புது ஆன்-ரோடு கணக்கு பழையதைவிட ஏறத்தாழ 1,06,000 அதிகம். வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால் வண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம்.

கேள்வி இரண்டு. 18,000 ஏற்றம் எப்படி லட்சத்தைத் தாண்டும்? கையெழுத்துப் போட்ட விலைக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்களா, இல்லையா?

வரிக்கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். யாரும் உங்கள் பையில் கை விடவில்லை. பத்து லட்சம் என்ற கோட்டை வண்டி தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய ஆயுள் வரி (சாலை வரி) விகிதம்: 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. வருமான வரி போல மிஞ்சிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்பது இங்கே கிடையாது. கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் புது விகிதம்.

பழைய விலை 9,86,000-க்கு 13% என்றால் 1,28,180. புது விலை 10,04,000-க்கு 18% என்றால் 1,80,720. வித்தியாசம் 52,540.

அடுத்தது டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு டீலர் 1% வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இதுவும் முழுத் தொகைக்குத்தான்: 10,040. உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறையின் கணக்கில் வந்து நிற்கும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆகவே அது செலவே இல்லை, ஆனாலும் இன்றைக்குக் கையிலிருந்து போகும்.

18,000 + 52,540 + 10,040 = 80,580. இதோடு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 காணாமல் போயிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 1,05,580. மிச்சம் சில நூறு ரூபாய் இன்ஷூரன்ஸ். ஐடிவி, அதாவது வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு, எக்ஸ்-ஷோரூம் விலையில் 95%, அதனால் அதுவும் கூடவே ஏறும்.

டிசிஎஸ்ஸைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. தள்ளுபடியை இன்வாய்ஸிலேயே கழித்து, விலை பத்து லட்சத்துக்குள் வந்துவிட்டால் டிசிஎஸ் எழாது. சாலை வரியும் அப்படியே குறையும் என்று நம்பிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த விலைக்கு வரி போடுவார்கள் என்பதை இன்வாய்ஸ் அடிக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுகர்வோர்நீதி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கையெழுத்தைப் பார்க்காதீர்கள், ஃபார்மைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்தியாவில் ஏறக்குறைய எல்லா கம்பெனி புக்கிங் ஃபார்மிலும் 'டெலிவரி நாளில் அமலில் உள்ள விலையே பொருந்தும்' என்ற வரி இருக்கும். அந்த வரிக்குக் கீழே நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கொட்டேஷனில் உள்ள எக்ஸ்-ஷோரூம் விலை அன்றைய நிலவரம் மட்டுமே, வாக்குறுதி ஆகாது.

விலைக் காப்பு என்பது தனியாகச் சொன்னால்தான் உண்டு. மஹிந்திரா 2021 அக்டோபரில் எக்ஸ்யூவி700-க்கும், 2022 ஜூலையில் ஸ்கார்பியோ-என்னுக்கும் முதல் 25,000 புக்கிங்குக்கு மட்டும் அறிமுக விலை என்று அறிவித்தது நினைவிருக்கும். ஸ்கார்பியோவில் அந்த 25,000 ஒரே நிமிடத்தில் தீர்ந்தது, அரை மணி நேரத்தில் லட்சம் தாண்டியது. 25,001-ஆவது ஆளுக்கு டெலிவரி நாள் விலைதான். அது மாதிரி எழுத்தில் அறிவிப்பு இருந்தால் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

வரி மாற்றம் தனி விஷயம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 64ஏ: ஒப்பந்தத்துக்குப் பிறகு வரி ஏறினால் வாங்குபவர் தர வேண்டும், இறங்கினால் அந்தக் குறைவு வாங்குபவருக்குச் சேர வேண்டும், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாத வரை. இது இரண்டு பக்கமும் வெட்டும். 2025 செப்டம்பர் 22 அன்று 1,200 சிசிக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28% ஜிஎஸ்டியும் 1% செஸ்ஸும் போய் 18% மட்டும் வந்தது. அதற்கு முன் புக் செய்து, அன்றோ பிறகோ இன்வாய்ஸ் ஆனவர்களுக்குப் புது விகிதம்தான். முழுப் பணத்தையும் முன்பே கட்டியிருந்தாலும், இன்வாய்ஸ் பிறகு என்றால் ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 14 இன்வாய்ஸ் தேதியைத்தான் பார்க்கும்.

டீலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. 1994-இல் ஹரியானா அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் கார்ப்பரேஷன் தொடர்பான டிராக்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வரிசையை மீறிப் பின்னால் வந்தவர்களுக்கு வண்டி கொடுத்துவிட்டு, காத்திருந்தவரிடம் ஏறிய விலையைக் கேட்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்றது. ஆகவே 'விலை ஏறிவிட்டது' என்று சண்டை போடுவதில் பலன் குறைவு. 'எனக்குப் பின் புக் செய்த அதே வேரியன்ட், அதே நிறம் டிசம்பரில் எத்தனை போனது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் ஷோரூமில் சத்தம் குறையும்.

யார்டு_பார்வை:

மேலே சொன்னது சரி, ஆனால் 25,000 போனஸை விட்டுவிட்டீர்கள். புகார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

கம்பெனி ஸ்கீம் எல்லாம் மாதக் கணக்கு. எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி, கேஷ் தள்ளுபடி எதுவாக இருந்தாலும் 'ரீடெய்ல்' ஆன மாதத்துக்குத்தான், அதாவது வாடிக்கையாளர் பெயரில் இன்வாய்ஸ் போட்ட மாதம். புக்கிங் மாதத்துக்கு இல்லை. நவம்பர் ஸ்கீமை நவம்பரில் காட்டித்தான் புக்கிங் எடுப்பார்கள், ஏனென்றால் அன்று அவர்கள் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும். ஜனவரி ஸ்கீம் என்ன என்று அவர்களுக்கே ஜனவரி முதல் வாரத்தில்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. கம்பெனி தராத பணத்தை டீலர் தன் மார்ஜினிலிருந்து தரலாம். எக்ஸ்-ஷோரூம் விலையும் ஆர்டிஓ வரியும் அவர் கையில் இல்லை. தள்ளுபடி, ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, இன்ஷூரன்ஸ் கமிஷன் இவை அவர் கையில் இருப்பவை. 'பேசிய விலை' என்று பேரம் பேச வேண்டியது இந்த நான்கில்தான். கையெழுத்துப் போட்ட கொட்டேஷனுக்கும் இங்கேதான் மதிப்பு: மேனேஜர் 'ஸ்கீம் மாறினாலும் 25,000 கழிவு உறுதி' என்று எழுதியிருந்தால் அது டீலரின் சொந்த வாக்கு. வெறும் எண் மட்டும் இருந்தால் 'அன்றைய ஸ்கீம்' என்று தப்பிப்பார்கள்.

இன்னொன்று உடனே பாருங்கள்: அலாட் ஆன வண்டியின் சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் எழுத்தில் கேளுங்கள். படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் வரும், ஆர்சியிலும் ஏறும். போன வருடத் தயாரிப்பை இந்த வருட விலைக்குத் தள்ளுவது ஜனவரி மாதத்தின் பழைய வித்தை. சட்டப்படி தடை இல்லை, ஆனால் விற்கும்போது ஒரு வயது கூடுதலாகத்தான் மதிப்பிடுவார்கள். போன வருட வண்டி என்றால் பழைய விலைக்கோ, பழைய ஸ்டாக் தள்ளுபடிக்கோ அடித்துப் பேசுங்கள். அந்தத் தள்ளுபடி பல சமயம் போன போனஸைவிடப் பெரிதாக இருக்கும்.

திருச்சி_ஸ்டியரிங்:

ஃபார்மின் பின்பக்கத்தில் அந்த வரி இருக்கிறது, பொடி எழுத்தில். வங்கிக் கடன் பழைய புரோஃபார்மா இன்வாய்ஸுக்கு (விற்பனைக்கு முன் தரும் உத்தேச பில்) அனுமதி ஆகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கட்டுவதா, வேண்டாமா? புதுக் கணக்கில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' 6,500 என்று ஒரு இனமும் 'எசென்ஷியல் கிட்' 14,000 என்று ஒரு இனமும் இருக்கின்றன. அவை பழைய கொட்டேஷனிலும் இருந்தவைதான்.

யார்டு_பார்வை:

சேசிஸ் எண் கைக்கு வராமல் முழுப் பணம் கட்ட வேண்டாம். பணம் போனபின் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி போய்விடும். வரிசை இது: முதலில் சேசிஸ், எஞ்சின் எண், அடுத்து யார்டில் போய் வண்டியைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தல், பிறகு மீதித் தொகையும் வங்கியின் டெலிவரி ஆர்டரும், அதன் பிறகு இன்வாய்ஸ், இன்ஷூரன்ஸ், பதிவு. வங்கி டீலர் கணக்குக்கு நேராகப் பணம் விட்டுவிட்டால் வண்டி வருகிறதோ இல்லையோ வட்டி ஓட ஆரம்பிக்கும். விலை மாறியதால் புது புரோஃபார்மா கொடுத்துக் கடன் தொகையைத் திருத்த வேண்டியிருக்கலாம். திருத்தாவிட்டால் வித்தியாசம் முழுக்க நீங்கள் போடும் கைப்பணத்தில் விழும். எதையும் ரொக்கமாகத் தர வேண்டாம், சேல்ஸ்மேனின் சொந்த யுபிஐக்கும் அனுப்ப வேண்டாம். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

ஹேண்ட்லிங் சார்ஜைக் கழிக்கச் சொல்லுங்கள். வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது, பேரே சொல்கிறதே. 'எந்த விதிப்படி வாங்குகிறீர்கள், தனி ரசீதில் எழுதிக் கொடுங்கள்' என்று மின்னஞ்சலில் கேட்டால் பெரும்பாலும் அந்த இனம் காணாமல் போகும். கிட் என்பது மிதியடி, மட்ஃப்ளாப், சீட் கவர். வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்ஷூரன்ஸும் அப்படியே: மூன்று வருட தேர்ட் பார்ட்டியும் ஒரு வருட ஓன் டேமேஜும் வெளியில் விலை கேட்டு, அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் வைத்து ஒப்பிடுங்கள். டீலரிடமே எடுத்தாலும் அந்த விலைக்கு இறங்கி வருவார்கள். இவையெல்லாம் பழைய கொட்டேஷனில் நீங்கள் ஏற்றுக்கொண்டவை என்பார்கள். விலையை அவர்கள் மாற்றும்போது கணக்கின் மற்ற இனங்களை நீங்களும் மாற்றலாம்.

நுகர்வோர்நீதி:

இறங்கி வராவிட்டால் செய்ய வேண்டியது:

டீலருக்கும் கம்பெனி வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். அதில் புக்கிங் தேதி, ஆர்டர் எண், அப்போது சொன்ன காத்திருப்புக் காலம், இப்போதைய அலாட்மெண்ட் தேதி, வரிசை விவரம், கேட்கும் தொகை. வாட்ஸ்அப்பில் சேல்ஸ்மேன் 'டிசம்பருக்குள் கண்டிப்பா டெலிவரி' என்று எழுதியிருந்தால் அதை இணைத்துவிடுங்கள். டிசம்பர் 31-க்குள் இன்வாய்ஸ் ஆகியிருந்தால் பழைய விலை, பழைய வரி. ஆகவே தாமதம் அவர்களுடையது என்று காட்டினால் 80,580 முழுவதுமே உங்கள் நஷ்டக் கணக்கு ஆகும். டிசிஎஸ் திரும்பக் கிடைப்பது என்பதால் அதைக் கழித்து 70,540 என்று கேளுங்கள், நுகர்வோர் கமிஷனில் கணக்கு நேர்மையாக இருந்தால் மரியாதை.

பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் புகார். நீங்கள் குடியிருக்கும் மாவட்டக் கமிஷனிலேயே போடலாம், டீலர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. கெடு இரண்டு வருடம்.

புகாரில் பலர் சறுக்கும் இடம்: 'இந்தப் பொடி எழுத்து ஷரத்தே நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதிவிடுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்டக் கமிஷன் எடுக்க முடியாது, மாநிலக் கமிஷன்தான். மாவட்டத்தில் போடுவதானால் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று மட்டும் எழுதுங்கள். டீலரின் புக்கிங் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனுவும் சேர்த்துப் போடுங்கள். ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் கமிஷனுக்கு உண்டு.

வண்டியை எடுத்துக்கொண்டே வழக்குப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம். ஆனால் பணம் கட்டும் முன்பே 'ஆட்சேபத்துடன், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். டெலிவரி அன்று நீட்டும் 'முழுத் திருப்தி' படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

கிளட்ச்_ப்ளேட்:

எல்லோரும் வழக்கு வரை போய்விட்டீர்கள். 9,86,000 வண்டிக்கும் 10,04,000 வண்டிக்கும் நடுவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வெறும் வரியாகப் போகிறது. அதே மாடலில் ஒரு படி கீழே உள்ள வேரியன்ட் பத்து லட்சத்துக்குள் வந்தால் மிச்சமாகும் பணத்தில் மியூசிக் சிஸ்டம், கேமரா எல்லாம் வெளியில் போட்டுக்கொள்ளலாம். வயரிங்கை வெட்டாத கப்ளர் வகையாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எலக்ட்ரிகல் வாரண்டி போய்விடும். ஏர்பேக் எண்ணிக்கை, இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) மாதிரி வெளியில் போட முடியாதவை கீழ் வேரியன்டிலும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

வேரியன்ட் மாற்றினால் புக்கிங் முன்னுரிமை போகாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ஷோரூமில் அதைப் புது புக்கிங்காகப் பதிந்து வரிசையின் கடைசியில் போட்டுவிடுவார்கள்.

வேறு ஊர் டீலரிடம் இருப்பு வண்டி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் மாதிரி 2021 அக்டோபரிலிருந்து கம்பெனியே நேராக இன்வாய்ஸ் போடும் இடத்தில் நாடு முழுக்க ஒரே விலை, பேரத்துக்கு இடமில்லை. மற்ற கம்பெனிகளில் டீலருக்கு டீலர் தள்ளுபடி மாறும். மாத இலக்குக்கு இரண்டு வண்டி குறைகிற டீலர் 27, 28-ஆம் தேதிவாக்கில் பேசும் விதமே தனி. கேன்சல் செய்வதாக இருந்தால் 25,000 எத்தனை நாளில் திரும்ப வரும், பிடித்தம் உண்டா என்பது அதே ஃபார்மின் பின்பக்கத்தில் இருக்கும், கேன்சல் கடிதம் கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.