மகள் மெக்கானிக்கல் கேட்கிறாள், சேர்க்கலாமா?

பர்கூர் அப்பா: பத்தாம் வகுப்பு முடித்த மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கேட்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு டிராயிங் மண்டையில் ஏறாது என்கிறார் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர். உண்மையா?

ஓசூர் லேத்: பாதி உண்மை, சார். டிராயிங்குக்குப் பொருளை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் உதவும். கட்டைகளின் படத்தை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்கும் சோதனையை 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் வெளியிட்டார்கள். அந்த மனச்சுழற்சியில் ஆண்களின் சராசரி கூடுதல் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்துவிட்டது. சிறு வயதில் சொற்பமாக இருக்கும் வித்தியாசம் பதின்ம வயதில் பெரிதாகிறது. பிடிக்கவில்லை என்பதற்காக மறைக்க முடியாது.

அரூர் செல்வி: யார் மறைத்தார்கள், அண்ணா? எவ்வளவு என்று சொல்லுங்கள். பெரியவர்களிடம் இடைவெளி ஏறத்தாழ 0.6 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு). கணக்குப் போட்டால் நூறு பெண்களில் சுமார் 27 பேர் ஆண்களின் சராசரியைத் தாண்டுகிறார்கள். இந்தப் பெண் அதில் ஒருத்தி இல்லை என்று அவர் மைத்துனருக்கு எப்படித் தெரியும்? மடித்துத் துளையிட்ட காகிதத்தை விரித்தால் துளைகள் எங்கே வரும் என்று கேட்கும் காகித மடிப்புச் சோதனையில் வித்தியாசம் மிகக் குறைவு. எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று நினைவில் வைப்பதில் பெண்களே சற்று முன்னே. பதின்ம வயதில் பெரிதாகிறது என்றீர்களே, அந்த வயதில்தான் பெண்ணைச் சைக்கிளிலிருந்து இறக்கி வீட்டில் உட்கார வைக்கிறோம். பென்னாகரத்துப் பையன் ஒகேனக்கல் வரை ஊர் சுற்றுகிறான்.

காரிமங்கலம் கணக்கு வாத்தியார்: வாசலில் தினமும் கோலம் போடுகிறார்களே, அது பயிற்சி இல்லையா?

அரூர் செல்வி: கோலம் தரையோடு முடிகிறது, சார். அதற்கு முன்தோற்றம், பக்கத்தோற்றம் ஏது? மேகாலயாவைப் பாருங்கள். 2011இல் வந்த ஆய்வில், தாய்வழிச் சமூகமான காசி மக்களிடம் புதிர்த்துண்டு சேர்ப்பதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அருகிலேயே வாழும் தந்தைவழிக் கர்பி மக்களிடம் இருந்தது.

ஓசூர் லேத்: நான்கு துண்டுப் புதிர் அது, தங்கச்சி. மனச்சுழற்சிச் சோதனை அல்ல. அதை வைத்து எல்லாமே வளர்ப்புதான் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரிமங்கலம் கணக்கு வாத்தியார்: 2013இல் 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி கொடுத்தால் இரு பாலருக்கும் இந்தத் திறன் கூடுகிறது, கொஞ்ச நாளில் கரைந்தும் போவதில்லை. சேர்க்கைக்கு இது போதாதா?

ஓசூர் லேத்: சேர்க்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கல்லூரி திறப்பதற்குள் சோப்புக் கட்டியை வெட்டிக் கொடுத்து முன், பக்க, மேல் தோற்றங்கள் மூன்றையும் வரையச் சொல்லுங்கள். சராசரியில் வித்தியாசமே கிடையாது என்று மட்டும் எழுதாதீர்கள்.

அரூர் செல்வி: பையன்களுக்கும் சோப்பு வாங்குங்கள், அண்ணா. என் வகுப்பில் வெட்டுத்தோற்றம் (பொருளை வெட்டினால் உள்ளே தெரிவது) வரையத் திணறுகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வேறு பிரிவுக்குப் போகச் சொல்வதில்லை.