போன் வந்தது, லைன் வரவில்லை

ரங்கூன் மருமகன்:

என் மாமியாருக்கு எழுபத்தொரு வயது. ஒசாகாவில் வேலை பார்க்கும் மச்சான், ஊருக்கு வந்த ஒருவர் கையில் போன மாதம் ஒரு போன் கொடுத்து அனுப்பினான். 2020இல் அவன் வாங்கி வைத்திருந்ததுதான், ஆனாலும் ஒரு கீறல் கிடையாது. மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் குங்குமம் தொட்டுவைத்த பிறகுதான் என் கையில் கொடுத்தார். சிம்மைப் போட்டேன். திரையில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி வந்தது, அதற்குக் கீழே எண் போடச் சொல்லிக் கட்டங்கள். அத்தோடு சரி. வைபையில் வைபர் ஓடுகிறது, யூடியூபில் சுப்ரபாதம் ஓடுகிறது. போன் பேச மட்டும் முடியாது.

அனவ்ரத்தா ரோட்டில் காளி கோயிலைத் தாண்டி ஒரு சந்துக் கடையில் கேட்டேன். விற்ற கம்பெனியின் சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காதபடி போனில் லாக் போட்டிருக்கிறதாம். சிம்முக்கு அடியில் வைக்கிற மெல்லிசுச் சில்லு ஒன்று இருக்கிறதாம், ஐபோனாக இருந்தால் அதைப் போட்டு ஏமாற்றலாமாம். இது ஐபோன் இல்லையே. அடுத்த கடைக்காரர் லாக்கை உடைத்துத் தருகிறேன் என்றார். உடைக்கும்போது போனே செத்தால் தன்னைக் கேட்கக்கூடாது என்பதையும் கூடவே சொல்லிவிட்டார். மாமியார் தினமும் காலையில் "என்ன மாப்பிள்ளை, லைன் வந்துச்சா?" என்று கேட்கிறார்.

வெளிநாட்டிலிருந்து வந்து அலமாரியில் தூங்கும் போன் இங்கே நம்மவர் வீடுகளில் நிறைய இருக்கும். உங்கள் கதையையும் சொல்லுங்கள்.


பேகு பெரியவர்:

தம்பி, "சிம்மைப் போட்டேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நாங்கள் அந்தச் சிம்மைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டாத குறை. ஒரு ஜிஎஸ்எம் சிம் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற காலம் இந்த ஊரில் இருந்தது. சீர் பேசும்போது "மாப்பிள்ளைக்குக் கைபோன் உண்டா" என்று கேட்டவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது 2011இல், ஐந்து லட்சம் சாட்டுக்கு. அதுவும் சிடிஎம்ஏ லைன். சம்சாரத்தின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. வாங்கிய போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், சிம் போடப் பொந்தே இல்லை. கடைப் பையன் சிரித்தான். ஒயரை மாட்டி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, எண்ணைப் போனுக்குள்ளேயே எழுதினான். அந்தப் போன் மறு வருஷம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. எண்ணை வேறு போனுக்கு மாற்ற அதே கடை, அதே ஒயர், தனிக் காசு. வேறு போன் என்றாலும் எல்லாம் ஆகாது, 800 என்கிற அலைவரிசையில் சிடிஎம்ஏ எடுக்கிற போனாகத் தேடவேண்டும். மகன் துபாயிலிருந்து ஆசையாக வாங்கி வந்த நோக்கியாவைக் காட்டியபோது, "இதை அலாரத்துக்கு வச்சுக்குங்க" என்றான் அதே பையன்.

அதற்கும் முன்னால் தெருவோர மேஜைதான். குடைக்கு அடியில் ஒரு மேஜை, மேலே இரண்டு மூன்று வீட்டு டெலிபோன், கன்னத்தில் தனக்கா பூசிய பெண் ஒருத்தி, எதிரே கடிகாரம். நாம் பேசப் பேச அவள் முள்ளைப் பார்ப்பாள். அப்பா இறந்த சேதியையே அப்படி ஒரு மேஜையில் நின்றுதான் மோல்மேனுக்குச் சொன்னேன். நிமிஷக் கணக்கு என்பதால் அழுவதற்கு முன்னால் வைத்துவிட்டேன்.

2012இல் சிம் இரண்டு லட்சத்துக்கு இறங்கியது. 2013 ஏப்ரலில் அரசே 1,500 சாட் சிம் என்று குலுக்கல் போட்டது, நாடு முழுக்க 3,50,000. எங்கள் பேட்டையில் பெரியவன் பெயர் விழுந்தது. அன்று சாயங்காலமே வாசலில் பல மடங்கு விலைக்குக் கேட்டு ஆள் வந்தான், நாங்கள் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்தால் அதே 1,500 சாட்டுக்கு வெற்றிலைக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. சங்கிலியை இன்னும் திருப்பவில்லை. அவள் முன்னால் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.


மாண்டலே கடைக்காரன்:

மருமகன் அண்ணே, லாக் உடைக்க ஒரு சாட்டும் கொடுக்காதீங்க. போனில் *#06# தட்டுங்க, 15 இலக்க எண் வரும். அதை மச்சானுக்கு அனுப்பி, போன் எடுத்த கம்பெனியின் தளத்தில் அவரையே லாக்கை எடுக்கச் சொல்லுங்க. 2015 மே மாதத்திலிருந்து வந்த புது மாடல்களுக்கு, வாடிக்கையாளர் கேட்டால் லாக்கை எடுத்துத் தரவேண்டும் என்பது ஜப்பான் விதி. 2021 அக்டோபரிலிருந்து லாக் போட்டு விற்பதே அங்கே நின்றுவிட்டது. உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கு.

நான் ஜெய்ஜோ மார்க்கெட் பக்கம் பத்து வருஷத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கிறேன். லாக் எங்களுக்குச் சின்னத் தலைவலி. பெரிய தலைவலி அலைவரிசைதான். அதற்கு ஆறுமாதம் நானே தண்டம் கட்டினேன், அதைச் சொல்கிறேன்.

2013, 14இல் சீன எல்லையில் இருக்கிற மூசே வழியாக ஹுவாவே போன் மூட்டை மூட்டையாக இறங்கியது. ஒரே போன், ஒரே அட்டைப்பெட்டி, ஒரே நிறம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற சீட்டில் மாடல் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் ஒரு எழுத்து. ஜி610 என்று வையுங்கள், டி00 என்றால் சைனா மொபைலுக்குச் செய்தது, யு00 என்றால் சைனா யூனிகாமுக்கு, சி00 என்றால் சைனா டெலிகாமுக்கு. சைனா டெலிகாம் சிடிஎம்ஏ 800இல் ஓடியது. பேகு ஐயாவின் லைனும் அதுதான். அதனால்தான் ஹுவாவே சி8813 நம் ஊரில் இட்லி மாதிரி விற்றது. யூனிகாம் போன் டபிள்யூசிடிஎம்ஏ என்கிற 3ஜி வகை, நம் அரசுக் கம்பெனி எம்பிடியின் 3ஜிக்கு அது சரி. டி எழுத்துதான் வினை. சைனா மொபைலின் 3ஜி சீனாவுக்கென்றே தனியாகச் செய்த டிடி-எஸ்சிடிஎம்ஏ. இங்கே அது 2ஜியில் பேசும், இணையம் ஆமையாக ஊரும்.

எனக்கு இது தெரியாது. மூட்டைக்காரன் ஒரு போனுக்குப் பத்தாயிரம் சாட் குறைத்துக் கொடுத்தான், நாற்பது போன் வாங்கினேன். நாற்பதும் டி. விற்ற இரண்டாம் நாள் பர்மாக்கார அக்கா ஒருத்தர் போனைக் கவுண்டரில் வைத்து "லைன் மமிபூ" என்றார், லைன் கிடைக்கவில்லை என்று. அதிலிருந்து தினம் நாலு பேர் வந்து அதே "லைன் மமிபூ"தான். ரீசெட் போட்டேன், சாப்ட்வேர் மாற்றினேன், இணையத்துக்கான ஏபிஎன் அமைப்பை எழுதினேன். ரேடியோவில் இல்லாத அலைவரிசையை சாப்ட்வேரில் எங்கே தேடுவது? கடைசியில் பக்கத்துக் கடைக்காரத் தாத்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெட்டிச் சீட்டைப் படித்து, அந்த ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார். பாதி விலைக்குத் திருப்பி எடுத்து, பாட்டுக் கேட்கிற போன் என்று சொல்லி விற்றுத் தீர்த்தேன். இன்றைக்கும் எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் பக்கவாட்டைத்தான் பார்ப்பேன்.

சாம்சங்கிலும் இதே கூத்துதான். எஸ்3 என்று ஒரே பேரில் வரும், ஐ9300 நமக்கு ஆகும், ஐ9308 சைனா மொபைலுக்கானது.


மோல்மேன் அக்கா:

கடைக்காரத் தம்பி, உங்கள் பெட்டிச்சீட்டு விஷயம் எனக்கு 2014இல் தெரிந்திருந்தால் என் நாத்தனாரோடு சண்டையே வந்திருக்காது.

அந்த வருஷம் 1,500 சாட் புதுச் சிம் இரண்டு வாங்கி, ஒன்றை என் மாமனாரின் பட்டன் போனில் போட்டோம். ஒரு கோடு கூட வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறு கம்பெனிச் சிம் போட்டால் அதே போன் கணீரென்று பேசுகிறது. சிம் கெட்டது என்று நான் கடையில் கத்தியது வீண். பட்டன் போனில் இருந்தது 2ஜி மட்டும். நாங்கள் முதலில் போட்டது ஊரிடூ சிம். அந்தக் கம்பெனி ஆகஸ்டில் வரும்போதே 3ஜியோடு மட்டும் வந்தது, பின்னால் வந்த டெலினார் 2ஜியும் சேர்த்துப் போட்டது. சிம் மேல் குற்றமே இல்லை, எங்கள் போன்தான் கிழடு.

நாத்தனார் அமெரிக்காவில் இருக்கிறார். கேள்விப்பட்டு டச் போன் ஒன்று அனுப்பினார். 3ஜி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த 3ஜியின் அலைவரிசை அமெரிக்காவின் 850, 1900. இங்கே 900, 2100. அதுவும் பட்டன் போன் மாதிரியே ஆனது. "நான் நல்ல போன்தானே அனுப்பினேன்" என்று அவர் கோபித்துக்கொள்ள, "நாங்கள் என்ன செய்தோம்" என்று இவர் கோபித்துக்கொள்ள, தீபாவளிக்குப் பேச்சே இல்லை.

மூன்றாவதாக நானே இங்கே ஒரு போன் வாங்கினேன். மோல்மேனில் ராஜா மாதிரி ஓடியது. தட்டோன் பக்கம் எங்கள் வயலுக்குப் போனால் செத்துவிடும். அதில் 3ஜிக்கு 2100 மட்டுமே இருந்திருக்கிறது. 2100 டவர் பக்கத்தில் இருந்தால்தான் எட்டும், 900 வயலைத் தாண்டி வெகுதூரம் வரும். நடவு ஆளுக்குப் போன் பண்ண நான் வைக்கோல்போர் மேல் ஏறி நிற்பேன். கீழே நிற்கிற பெண்கள் "அக்கா, தெய்வம் தெரியுதா?" என்று கேலி பண்ணுவார்கள். மேலே ஏறினால் ஒரு கோடு, தலையைத் திருப்பினால் அதுவும் போய்விடும்.


எல்லைத் தமிழன்:

நான் மணிப்பூரில் பர்மா எல்லையை ஒட்டிய மோரேயில் இருக்கிறேன். அறுபதுகளில் ரங்கூனை விட்டுக் கிளம்பி, திரும்பப் போகலாம் என்று இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். எங்களுக்குப் பிரச்சினை நேரம். ரெண்டு சிம் போனில் ஒன்று இந்தியா, ஒன்று பர்மா. பர்மாப் பக்கத்து நம்பாலோங் மார்க்கெட்டுக்கு நடக்கிற தூரத்தில் மணி ஒரு மணிநேரம் முன்னால் போகும், திரும்பி வந்தால் பின்னால் வரும், சில நாள் இரண்டு பக்கமும் ஆடும். அம்மா மாத்திரைக்கு வைத்த அலாரம் ஒரே காலையில் இரண்டு தடவை அடித்தது. தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு வாழ்கிறோம்.

பேகு ஐயா சொன்ன சிடிஎம்ஏவுக்காகச் சென்னைச் சித்தப்பா தன் பழைய சிடிஎம்ஏ போனை எல்லைக்கு அந்தப் பக்கம் தமூவில் இருக்கும் எங்கள் உறவுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டும் 800தான், ஓடியிருக்கவேண்டும். ஆனால் அது விற்ற கம்பெனியின் எண்ணைத் தவிர எதையும் ஏற்காத போன். இப்போது அதை வைத்துக் குழந்தை விளையாடுகிறது.


ஜூரோங்வாசி:

எனக்கு எல்லாம் தலைகீழ். நான் ரங்கூன் போனைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தவன். 4ஜி போன்தான், இணையம் பறந்தது, பேச்சும் வந்தது. பேசும்போது மட்டும் திரையில் 4ஜி மறைந்து 3ஜி வரும், நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. சிங்கப்பூர் 2017இலேயே 2ஜியை மூடிவிட்டது. 2024 அக்டோபர் முடிய 3ஜியையும் மூடியது. அடுத்த வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் திட்டு மட்டும் வந்தது. 4ஜியிலேயே பேசுவதற்கு வோல்ட்டி என்று ஒன்று வேண்டுமாம். என் போனுக்கு அது தெரிந்தாலும் இந்த ஊர்க் கம்பெனியோடு ஒத்துக்கொள்ளவில்லை. புதுசு வாங்கிவிட்டேன். பழையதைத் தம்பிக்கு அனுப்பினேன், ரங்கூனில் சொன்னபடி பேசுகிறது.


பேகு பெரியவர்:

ஜூரோங் தம்பி, அங்கே தூக்கிப்போடுவது இங்கே ஓடுகிறது என்கிறீர்கள். எனக்கு ஒன்று அனுப்புங்கள். பொந்து இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.


ரங்கூன் மருமகன்:

லைன் வந்துவிட்டது. கடைக்காரத் தம்பிக்கு நன்றி. 15 இலக்கத்தை மச்சானுக்கு அனுப்பினேன், இரண்டு நாள் கழித்து "போட்டுப் பாருங்க அத்தான்" என்றான். காசே இல்லை. சிம்மைப் போட்டு இந்த முறை நானே கண்ணை மூடிக்கொண்டேன். மேலே 4ஜி என்று வந்தது, பேசக் காசு ஏற்றும் பில் கார்டு ஒன்று சுரண்டிப் போட்டோம், மாமியார் முதல் போனை எதிர்வீட்டுக்குப் போட்டார்.

ஒரு குறை. சிரியத்தைத் தாண்டிச் சௌத்தான் கோயிலுக்குப் போகும் வழியில் 4ஜி போய், ஆங்கில ஈ எழுத்து வந்து உட்கார்ந்துவிட்டது. மாண்டலேத் தம்பியிடம் தனியாகக் கேட்டேன். ஜப்பானுக்குச் செய்த அந்த மாடலில் 1800, 2100 உண்டு, 3ஜிக்கும் 4ஜிக்கும் 900 இல்லை, அதனால் டவர் தள்ளிப்போனதும் 2ஜியில் விழுகிறதாம். மாமியார் பேசத்தானே செய்கிறார், போகட்டும்.

ஆனால் கேமரா சத்தம்! ஜப்பான் கம்பெனிகள் விற்கிற போனில் படம் எடுத்தால் "கிளிக்" என்று சத்தம் வந்தே தீரும், குறைக்கவோ அணைக்கவோ வழியே வைக்கவில்லை. நேற்று காளி கோயிலில் தீபாராதனை. மணி நின்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அந்த ஒரு நிமிஷ அமைதியில் மாமியார் ஏழு படம் எடுத்தார். குருக்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார். மாமியார் சளைக்காமல் எட்டாவதை அவரை வைத்தே எடுத்தார்.