மறு: ‘செல்ஃப்-சைன்ட் சர்டிபிகேட்’ தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் ஒரு தளமோ சர்வரோ ‘நான் இன்னார்’ என்று காட்டும் மின் சான்றிதழில் வேறு யாரும் ஒப்பமிடாமல் தானே ஒப்பமிட்டுக்கொண்டால் அது ‘செல்ஃப்-சைன்ட் சர்டிபிகேட்’. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அண்ணாச்சி எழுதியது:

> போலிச் சான்றிதழ் என்றே வைத்துவிடலாம். திருட்டுப் பயல்கள்தானே அதிகம் எடுக்கிறார்கள்?

அண்ணாச்சி, இதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. உலாவிகள் முழுசாக நம்பும், மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான மூலச் (ரூட்) சான்றிதழ்கள்கூடத் தமக்குத் தாமே ஒப்பமிட்டுக்கொண்டவைதான். அவற்றுக்கு மேல் கையெழுத்துப் போட வேறு ஆள் கிடையாது. போலி என்று பெயர் வைத்தால் அவையும் போலி ஆகிவிடும். வழங்கியவரும் பெற்றவரும் ஒருவரே, ஒப்பமும் அவருடைய மின் சாவியால் போட்டது. நம் சொல் இவ்வளவைச் சொன்னால் போதும். என் பரிந்துரை: தன்னொப்பச் சான்றிதழ்.

‘சுய சான்றொப்பம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தாலுகா ஆபீஸில் ஜெராக்ஸ் நகலில் நாமே போடும் கையெழுத்து. அங்கே சான்றிதழைக் கொடுத்தது பள்ளிக்கூடமோ தாசில்தாரோ. நகலுக்குத்தான் நாம் பொறுப்பு. இங்கே சான்றிதழே நாம் எழுதிக்கொண்டது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

திருடர்கள் இதை எடுப்பதற்குக் காரணம் எளிது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளை, காசு வேண்டாம், ‘நீ யார்’ என்று கேட்பாரில்லை. பெயர்க் கட்டத்தில் எந்த வங்கியின் பெயரையும் எழுதலாம். கணினிக்குள் புகுந்த தீநிரல் (மால்வேர்) தன் எசமானனின் சர்வரோடு பேசும்போது, தெரியாத தன்னொப்பத்தைக் கண்டால் எச்சரிக்கும் உலாவியே நடுவில் இல்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை. பேச்சு மறையாக்கத்தில் (என்கிரிப்ஷன்) போவதால் உள்ளே என்ன போகிறது என்று காவல் மென்பொருளுக்கும் எளிதில் தெரியாது. கோபால்ட் ஸ்ட்ரைக் என்ற ஊடுருவல் சோதனைக் கருவியைத் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். அதோடு வரும் தன்னொப்பச் சான்றிதழின் வரிசை எண் 146473198. சிலர் அதை மாற்றாமலே ஓட்டியதால், அந்த எண்ணைத் தேடியே அவர்கள் சர்வர்களைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறு. போன மாதம் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குக் கண்காணிப்புக் கேமரா பெட்டி பார்க்கப் போனேன். கல்லாவில் இருந்த பிள்ளை கேமரா பக்கத்தைத் திறந்தாள். திரை முழுக்க எச்சரிக்கை. படிக்கவே இல்லை, இரண்டு தட்டுத் தட்டி உள்ளே போய்விட்டாள். “தெனமும் வரும் சார், இத அமுக்குனா போயிரும்.” கேமரா பெட்டியில் இருப்பது தன்னொப்பம், அதனால்தான் எச்சரிக்கை. பெட்டி அவர்கள் கடையுடையதே என்பதால் அங்கே பெரிய ஆபத்தில்லை. ஆனால் நாளைக்கு யாராவது வைஃபைக்கு நடுவில் உட்கார்ந்து, ஓர் இணையக் கடைத் தளத்தின் பெயரில் தன்னொப்பச் சான்றிதழை நீட்டினால், இதே விரல் இதே இடத்தைத் தட்டும். அவளுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் அப்போது ஒரு தமிழ்ச் சொல் இல்லை. அதனால்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

---

தம்பி, சரி, ‘போலி’யை விட்டுவிட்டேன்.

எங்கள் ஆச்சியின் கிரயப் பத்திரம் அம்பை வீட்டில் இன்னும் இருக்கிறது. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. ஒரு கீறல் போட்டிருக்கிறாள். பக்கத்தில் ‘தற்குறி’ என்று எழுதி, அது அவள் போட்டதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் பெயரை எழுதியிருக்கிறார். தன் குறி, தற்குறி. பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்றைக்கு அது வசவாகிவிட்டது. நீ சொன்ன அதே குறை இதற்கும் வரும். அதனால் தன்னொப்பமே இருக்கட்டும்.

ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடாதே. அவரைப் போல, அடுத்தவருக்காகச் சான்றளிக்கும் நிறுவனம் ஒப்பமிட்டுத் தரும் சான்றிதழுக்கும் ஒரு சொல் வேண்டுமே? ‘மேலொப்பச் சான்றிதழ்’ என்று வைக்கலாம். அந்தப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லிப் பார்: “கேமராவுக்குத் தன்னொப்பம் போதும், பேங்குக்கு மேலொப்பம் இல்லைன்னா உள்ள போகாத.” அவளுக்குப் புரிந்தால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து